ஜொள்ளு ஊற்றும் குழந்தைக்கு வாட்டர்ப்ரூஃப் பிப் போதுமா?

மார்ச் 9, 2024 (நாமக்கல்லிலிருந்து வந்த கேள்வி)

பையனுக்கு ஐந்து மாதம். ஜொள்ளு நிற்கவே மாட்டேன் என்கிறது. சட்டை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது. பின்பக்கம் ஷீட் ஒட்டிய வாட்டர்ப்ரூஃப் பிப் (கழுத்தில் மாட்டும் ஜொள்ளுத் துணி) வாங்கிப் போட்டேன். சட்டை நனையவில்லை, ஆனால் கழுத்து சிவந்துவிட்டது. இன்னும் கனமான பிப்பாக வாங்க வேண்டுமா? வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, ஓரளவு தைப்பேன்.

மார்ச் 9, இரவு

கனத்தைக் கூட்ட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பிப் சட்டையைக் காப்பாற்றுகிறது, பிள்ளையின் தோலை விட்டுவிட்டது. பின்னால் ஷீட் இருப்பதால் ஈரம் இறங்க வழியில்லை. மேல்துணி நிறைந்ததும் தாடைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து மாதப் பிள்ளைக்குக் கழுத்து என்பதே இரண்டு மூன்று மடிப்புதான், அதற்குள் காற்று போகாது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் போடுகிறேன். பல வருடமாகக் குழந்தை உடுப்புதான் வேலை. ஆனால் ஜொள்ளைப் பற்றிக் கற்றுக்கொண்டது வீட்டில், என் இரண்டாவது பெண்ணிடம். பிப்பைத் தவிர எல்லா இடத்திலும் ஜொள்ளு விடுவாள்: என் தோளில், அப்பாவின் போனில், பாட்டியின் மூக்குக் கண்ணாடியில்.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வேகம் எடுக்கும். அதை விழுங்கவும் வாயை மூடிவைக்கவும் பிள்ளைக்கு இன்னும் பழகியிருக்காது, அதனால் வழிகிறது. பல் முளைக்கிறது என்பார்கள். பல் பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டித்தான் வரும், ஜொள்ளு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஒன்றரை, இரண்டு வயது வரைகூடப் போகலாம். அதனால் நிதானமாக யோசித்துத் தைக்கலாம், உழைப்பு வீணாகாது.

இப்போதைக்கு பிப்பைக் கழற்றுங்கள். மடிப்பை விரித்து மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லி லேசாக. பவுடர் வேண்டாம். ஈரத்தில் கட்டிதட்டி மடிப்புக்குள் உராயும், தூள் மூச்சிலும் போகும். சிவப்பு அடர்ந்து சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். தையல் அப்புறம்.

மார்ச் 10

சரி, துணிக்கு வருவோம்.

ஒரு பிப்புக்கு மூன்று வேலை இருக்கிறது. மேல்துணி ஈரத்தை உடனே உள்ளே இழுக்க வேண்டும், நடுத்துணி அதைத் தேக்க வேண்டும், அடித்துணி சட்டைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். கடையில் தொங்கும் பிப்புகளில் பலவற்றுக்கு நடுத்துணியே கிடையாது. மேலே மெல்லிய பனியன் துணி, பின்னால் ஷீட், அவ்வளவுதான். தேங்க இடமில்லாத ஈரம் கழுத்தில்தான் ஒட்டும்.

மேலே இன்டர்லாக் என்ற பின்னல் துணி போடுங்கள். சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண பனியன் துணி, வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும், வீட்டு மெஷினில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாது. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கம் கிடைத்தால் நல்லது. நடுவில் லூப்நிட் (ஒரு பக்கம் நூல் வளையம் விட்ட பின்னல் துணி) அல்லது துவைத்துத் துவைத்து இளகிய டர்க்கி டவல். புது டவலைவிடப் பழசுதான் நன்றாக உறிஞ்சும்.

அடித்துணிக்கு இரண்டு வழி. ஒன்று பியூஎல், அதாவது பாலியஸ்டர் பின்னல் துணியில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. துணி டயப்பர் தைப்பவர்கள் வாங்குவது இதைத்தான். தண்ணீரை விடாது, நீராவியை ஓரளவு விடும். இன்னொன்று பாலியஸ்டர் ஃப்ளீஸ். அது முழுசாகத் தடுக்காது, ஆனால் நூல் ஈரத்தை ஏற்காததால் கடத்துவதும் குறைவு. நம் ஊர் சூட்டுக்கு எது என்பதை அப்புறம் எழுதுகிறேன், அதற்குப் பெரிய கதை இருக்கிறது.

எதைப் போட்டாலும் கழுத்து வளைவு வரை கொண்டுபோகாதீர்கள். வளைவிலிருந்து மூன்று விரல் கீழேதான் தடுப்புத் துணி தொடங்க வேண்டும். மேலே வெறும் பருத்தி மட்டும். என் பேட்டர்னில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான்.

மார்ச் 12

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. துணியைத் தட்டையாக விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பளபளப்பு மறைந்து சொட்டு உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். லேபில் ஏஏடிசிசி 79 என்ற உறிஞ்சல் சோதனை செய்வதும் இதே அடிப்படையில்தான். உடனே போனால் நல்ல துணி. முத்துப் போல் மேலேயே நின்றால் சாஃப்ட்னர் ஏற்றிய துணி. கடையில் தடவிப் பார்த்து “எவ்வளவு மெத்தென்று இருக்கிறது” என்று நாம் மயங்குவது பல நேரம் சிலிகான் சாஃப்ட்னரைத்தான். நல்ல பருத்தியாகவே இருக்கும், ஆனால் உறிஞ்சாது. சோப்புப் போட்டுச் சில முறை துவைத்துவிட்டு மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள்.

மார்ச் 13

“ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட் துணி சீக்கிரம் காய்கிறதே, அதை மேலே போட்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், நடுவில் பருத்தி இருந்தால். பாலியஸ்டர் நூல் காற்றிலிருந்து ஏற்கும் ஈரம் தன் எடையில் 0.4 சதவீதம் அளவுதான், பருத்தி சுமார் 8.5. பாலியஸ்டர் ஈரத்தைத் தனக்குள் வாங்காமல் இழைகளுக்கு நடுவே ஓடவிடும். கீழே வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் மேல்பக்கம் உலர்ந்த மாதிரி இருக்கும், இல்லையென்றால் ஈரம் வழிந்து கழுத்துப் பக்கம் போகும். ஆனால் கைக்குழந்தையின் தாடை நாள் முழுக்க உராயும் இடம். எனக்கு அங்கே பருத்திதான் மனசுக்குச் சரியாகப் படுகிறது.

மார்ச் 16

ஓரத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பிப்பின் பின்பக்கம் நனையாமல் அதன் விளிம்பைச் சுற்றிச் சட்டை வட்டமாக நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்துணியை ஓரத்தில் மடித்துப் பின்பக்கம் கொண்டுவந்து தைத்தாலோ, பருத்திப் பைப்பிங் (ஓரப் பட்டி) கட்டினாலோ, ஈரம் அந்த மடிப்பு வழியாகவே ஏறிப் பின்னால் இறங்கிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே வேலை.

அதனால் நல்ல பக்கங்களை உள்ளே வைத்துத் தைத்து, திருப்பி, ஓரத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். அடித்துணி ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி இஸ்திரி போட்டு நிறுத்துங்கள். பியூஎல் பக்கம் இரும்பை வைக்காதீர்கள், படலம் இளகிவிடும். பாலியஸ்டர் நூலில் தையுங்கள், பருத்தி நூல் ஊசித் துளை வழியாக ஈரத்தை இழுக்கும். பியூஎல்லில் குண்டூசி குத்தாதீர்கள், ஒவ்வொரு துளையும் ஒழுகும். கிளிப் போடுங்கள்.

பிப்பின் நடுவே பூ, யானை என்று தையல் போடும் ஆசை எனக்கும் உண்டு. யானையின் காது வழியாகத் தண்ணீர் போகும். மேல் அடுக்கில் மட்டும் தைத்துவிட்டு அப்புறம் அடுக்குகளைச் சேருங்கள்.

மார்ச் 17

படம் என்றதும் ஞாபகம் வந்தது. நெஞ்சில் பெரிதாக ரப்பர் பிரிண்ட் போட்ட குழந்தை டீ-ஷர்ட் வேண்டாம். ஜொள்ளு விழும் இடத்தில்தான் அந்தக் கரடி பொம்மை உட்கார்ந்திருக்கும். துணியின் கண்ணெல்லாம் அடைபட்டு, விழுந்தது அப்படியே வழிந்து வயிற்றுக்குப் போகும். படம் வேண்டுமென்றால் முதுகில் போடலாம், இல்லை ஓரத்தில் சின்னதாக. இதைக் கம்பெனியிலும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு நெஞ்சில் கரடி வேண்டும்.

பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் துணி என்பதால் சாயமும் முக்கியம். ஓகோ-டெக்ஸ் 100 சான்றிதழில் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான துணி முதல் வகுப்பில் வரும். அதில் எச்சிலுக்கும் வியர்வைக்கும் சாயம் விடுகிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். வீட்டில் செய்ய முடிந்தது: வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துச் சாயத் துணியின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சாயத் துணி வேண்டாம்.

மார்ச் 24

முக்கோண பிப், கழுத்தில் கைக்குட்டை கட்டிய மாதிரி இருக்குமே, அது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போட்டோவுக்கு அழகு. ஆனால் அதன் கொசுவம் முழுக்கக் கழுத்தில்தான் சேர்கிறது. ஈரத் துணியை மடிப்புக்குள் திணித்துவைத்த கதை. அகலம் நெஞ்சில் வேண்டும், முக்கோணமோ அங்கே கூராக முடிகிறது. வெளியே போகும்போது கொஞ்ச நேரம் போடுங்கள், வீட்டில் வட்டக் கழுத்து.

இதைவிட முக்கியமான ஒன்று: ஜொள்ளு எங்கே விழும் என்பது பிள்ளை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உட்கார்ந்திருந்தால் நெஞ்சில். குப்புறக் கிடந்தால் தரையில். மல்லாந்து படுத்திருந்தால் வாயோரம் வழிந்து காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில். மல்லாந்த பிள்ளைக்கு பிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாமக்கல் தங்கச்சி, உங்கள் பையன் எந்தப் பக்கம் அதிகம் சிவந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 25

வலப்பக்கம் என்கிறீர்கள். அப்படியானால் அவன் தலை திருப்பிப் படுக்கும் பக்கம் அதுதான். பாலாடையில் மருந்து புகட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் வாயோரம் வழிந்து அங்கேதான் போகும். என் அம்மா பாலாடை எடுக்கும் முன்பே, பழைய வேட்டியில் கிழித்த துணியை நாலாக மடித்துத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே செருகிவிடுவார். புகட்டி முடித்த கையோடு உருவிவிடுவார். துணி கழுத்தில் தங்குவதே இல்லை, அதனால் புண்ணும் இல்லை. எந்த பிப்பையும்விட அது சரியான வடிவமைப்பு. வழிகிற நேரத்துக்கு மட்டும் துணி, மற்ற நேரம் காற்று.

அதைப் பார்த்துத்தான் ஈரிழைத் துண்டை மேல்துணியாகப் போட்டுப் பார்த்தேன். மெல்லிசு, உடனே இழுக்கிறது, கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்கிறது. நெய்த துணி என்பதால் கழுத்து வளைவில் இழுபடாது, அங்கே சாய்வாக (கிராஸாக) வெட்டிய பட்டி கொடுக்க வேண்டும். லூப்நிட்டோடு சேர்த்தால் இன்டர்லாக்கைவிட நன்றாகவே இருக்கிறது. 10ஆம் தேதி இன்டர்லாக் என்றேன், அது தைக்கச் சுலபம் என்பதற்காக. உறிஞ்சுவதை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இப்போது ஈரிழைக்கு.

ஏப்ரல் 2

பிப்பைக் கழுத்தில் எதை வைத்து மாட்டுவது?

நாடா வேண்டவே வேண்டாம். ஜப்லாவில் கழுத்தில் நாடா கட்டிப் பழகிய ஊர்தான் நம்முடையது, தெரியும். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடுப்பில் இஎன் 14682 விதிப்படி ஏழு வயது வரை கழுத்துப் பகுதியில் கயிறு, நாடா எதுவும் வரக்கூடாது. எங்காவது மாட்டி இறுகினால் பிள்ளையால் விடுவித்துக்கொள்ள முடியாது, காரணம் அவ்வளவு நேரானது.

வெல்க்ரோ இழுத்தால் பிரிந்துவிடும், அது நல்லது. ஆனால் துவைக்கும்போது மற்ற துணியைப் பிறாண்டும், முடியும் நூலும் சேர்ந்து சீக்கிரம் பிடிமானம் போகும், ஓரம் கழுத்தில் கீறும். எனக்கு டிச் பட்டன்தான் பிடிக்கும். பின்கழுத்தில் வைக்காதீர்கள், படுத்தால் அழுத்தும். தோளுக்குப் பக்கத்தில் வையுங்கள், பிள்ளையைத் திருப்பாமலே கழற்றலாம்.

பட்டனை ஒற்றைத் துணியில் அடித்தால் கொஞ்ச நாளில் துணியோடு பிய்ந்து வரும். பிய்ந்தது நேராக வாய்க்குப் போகும். உள்ளே கேன்வாஸோ, கழுத்துப் பட்டிக்குப் போடும் வரிப் பின்னலான ரிப் தடித்ததாகவோ ஒரு துண்டு வைத்து அடியுங்கள். ஏற்றுமதிப் பீஸில் பட்டனை மாட்டி 90 நியூட்டன், அதாவது சுமார் 9 கிலோ தொங்குகிற அளவு இழுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் மெஷின் இல்லை, இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். துணி விரிந்து துளை தெரிந்தால் அந்தப் பட்டன் நிற்காது. பொம்மை முதலியவற்றுக்கான அமெரிக்க விதியில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுசாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும் பொருள். உடுப்புப் பட்டனுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு, ஆனால் பட்டன், மணி, ரிப்பன் பூ எல்லாமே அந்த உருளைக்குள் அடங்கும் அளவுதான்.

ஏப்ரல் 3

தூங்கும்போது பிப் கூடாது. முகத்தில் ஏறும், கழுத்தில் சுற்றும். தொட்டிலில் போடுமுன் கழற்றிவிடுங்கள்.

கழுத்தில் கருப்புக் கயிறு கட்டியிருந்தால் அதையும் யோசியுங்கள். ஜொள்ளில் ஊறி நாள் முழுக்க ஈரமாகவே மடிப்புக்குள் கிடக்கும். பெரியவர்கள் மனம் நோகாமல் இடுப்புக்கு மாற்றலாம். எங்கள் வீட்டில் மாமியாரே மாற்றிக் கட்டினார்.

ஏப்ரல் 21

வெயில். பியூஎல்லா ஃப்ளீஸா என்பதை இப்போது சொல்கிறேன். இந்த மாதத்தில் இரண்டும் வேண்டாம். தடுப்புத் துணிக்கு அடியில் நெஞ்சு வேர்த்து வேர்க்குரு வருகிறது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கப் போட்ட துணி உள்ளிருந்து வருவதைப் பூட்டிவைக்கிறது. சட்டை நனைவதும் பிள்ளை வேகுவதும் ஒன்றா? வீட்டில் இருக்கும்போது தடுப்பே இல்லாத இரண்டடுக்கு ஈரிழை, நனைந்ததும் மாற்று. பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் பியூஎல். மழைக்காலத்துக்கு ஃப்ளீஸ்.

எண்ணிக்கை அதிகமாகத் தைக்கச் சொல்வது இதனால்தான். ஒரு தடிமனான பிப்புக்கு ஆகும் துணியில் மெல்லிசாகப் பல வரும்.

மே 5

“சட்டையிலேயே பாதுகாப்பைச் சேர்த்துத் தைத்துவிட்டால் என்ன, தனியாக பிப் எதற்கு?”

இந்தக் கேள்வியோடு எனக்குப் பழைய உறவு. சாம்பிள் பிரிவில் இதைப் பலவிதமாகத் தைத்திருக்கிறோம். முன்பக்கம் கழுத்திலிருந்து நெஞ்சு வரை உள்ளே லூப்நிட் ஒரு அடுக்கு. பார்க்கச் சாதாரணச் சட்டை, சுத்தமாக இருக்கும். ஆனால் நனைந்தால் முழுச் சட்டையையும் மாற்ற வேண்டும், தடித்த நெஞ்சு காய நேரமாகும், பிள்ளைக்கு எந்நேரமும் நெஞ்சில் சூடு. நனைகிற பாகம் கழற்றும்படி இருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சட்டையில் செய்ய வேண்டியது வேறு. முதலில் கழுத்து ரிப். அகலமான ரிப் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கழுத்தைச் சுற்றி நிற்கும், அதனால் குறுகலாக வையுங்கள். அடுத்தது தோள். முன்னும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய என்வலப் கழுத்தாக இருந்தால், சட்டை கெட்டுப்போகும்போது தலை வழியாக உருவாமல் தோளை விரித்துக் கால் வழியாகக் கழற்றலாம். பால் கக்கிய சட்டையை முகத்தின் மேல் இழுக்க வேண்டியதில்லை. பெரிய மலக் கசிவுக்கும் இதே வழிதான், அது தெரியாமல் பல அம்மாக்கள் நடுராத்திரியில் கஷ்டப்படுகிறார்கள்.

மூன்றாவது கைமுனை. இந்த வயதில் பிள்ளை தன் கையையே தின்றுகொண்டிருக்கும். நீளக் கைச் சட்டையில் ரிப் கஃப் மணிக்கட்டு வரை ஊறிப்போய் இருக்கும். முக்கால் கை வையுங்கள்.

ஜூன் 16

பையனுக்கு எட்டு மாதம், கூழ் ஆரம்பித்தாயிற்று, பழைய பிப் எல்லாம் தோற்றுவிட்டது என்கிறார் நாமக்கல் தங்கச்சி. தோற்கத்தான் செய்யும். ஜொள்ளு தண்ணீர், கூழ் வேறு. ஜொள்ளை உறிஞ்ச வேண்டும், கூழை உறிஞ்சக்கூடாது, பிடித்து வழித்து எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பிப் தைக்க முயலாதீர்கள்.

கீழே பை வைத்த பிப் பார்க்க எளிது. ஆனால் துணிப் பையின் வாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், ராகிக் கூழ் அதன் மேல் வழுக்கி மடியில் விழும். வாய் திறந்தே நிற்க விளிம்பில் தடித்த கயிறு உள்ளிட்ட பைப்பிங் கொடுத்து, பையை நெஞ்சுத் துணியைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டிச் சேருங்கள். அந்த உபரி அகலம்தான் வாயை வெளியே தள்ளும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் சிலிகான் பிப் வாங்கிவிடுங்கள். அதில் துணி ஜெயிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வருத்தமே இல்லை.

முழுக்கை வைத்த பிப் வெளிநாட்டு ஆர்டர்களில் நிறைய வருகிறது. பருப்பு சாதத்தைத் தானே அள்ளித் தின்னும் வயதில் உதவும். நம் கோடையில் அதைவிடச் சுலபம் சட்டையைக் கழற்றிவிட்டு ஊட்டுவது.

ஜூன் 18

கறை. பால் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் அதிலுள்ள புரதம் நூலில் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டு அலசி ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், மங்கிவிடும். வாழைப்பழத்தைக் காயவிடாதீர்கள், கருத்துவிட்டால் போகாது. பிப்புக்குக் கம்ஃபர்ட் மாதிரியான திரவம் ஊற்றாதீர்கள், மார்ச் 12ல் சொன்ன சொட்டு மறுபடி மேலேயே நிற்க ஆரம்பிக்கும்.

நவம்பர் 10

அடைமழை. மூன்றடுக்கு பிப் ஒன்றும் காயவில்லை, நாற்றம் வருகிறது என்று மூன்று ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நாலு ஓரமும் மூடித் தைத்தால் நடு அடுக்குக்குக் காற்றே கிடைக்காது. நான் இப்போது கழுத்து வளைவிலும் தோளிலும் மட்டும் சேர்த்துத் தைத்து, கீழே தனித்தனி இதழாக விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியே ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் தையல்). துவைத்ததும் புத்தகத்தைப் பிரிப்பது போலப் பிரித்துக் கொடியின் இரண்டு பக்கமும் போட்டால் ஃபேன் காற்றிலேயே காய்கிறது. மார்ச் 16ல் ஓரம் பற்றி எழுதிய பெரும்பாலான தலைவலியும் இதில் இல்லை: மேலடுக்கும் கீழடுக்கும் ஓரத்தில் சேரவே இல்லை, ஈரம் ஏறிக் கடக்க வழியும் இல்லை. அடித்துணி மட்டும் மற்ற இரண்டையும்விட எல்லாப் பக்கமும் ஒரு விரல் பெரிதாக இருக்கட்டும்.

நவம்பர் 11

அளவு கேட்டவர்களுக்கு. வயதை வைத்து வெட்டாதீர்கள். பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது கழுத்தடியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, இரண்டு விரல் தாராளமாக நுழையும் அளவு சேருங்கள். அதற்கு மேல் விட்டால் பிப் கீழே இறங்கி, தாடைக்கும் துணிக்கும் நடுவே ஜொள்ளு நேராகச் சட்டைக்குள் போகும். தோளில் இரண்டு டிச் பட்டன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வளர வளர மாற்றிப் போடலாம். திருப்பூர் வருகிறவர்கள் காதர்பேட்டையில் இன்டர்லாக் மிச்சத் துணி கேளுங்கள், கையோடு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் சொட்டு விட்டுப் பார்த்து வாங்குங்கள்.